99-ஆம் இடத்தில் நின்ற இசைத்தட்டு: ‘டஸ்டி இன் மெம்பிஸ்’ உண்மையில் தோற்றதா?

7 ஜனவரி 2024, காலை (வாசகர் ஒருவரின் கருத்து)

பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் ‘டஸ்டி இன் மெம்பிஸ்’ ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே குரலில் புகழ்கிறார்கள். ஆனால் 1969-இல் வெளிவந்தபோது அது அமெரிக்கப் பட்டியலில் 99-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அவருடைய சொந்த நாடான பிரிட்டனில் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. காசு கொடுத்து வாங்கும் மக்கள் ஒதுக்கிய ஒன்றை விமர்சகர்கள் பிற்காலத்தில் தூக்கி நிறுத்தினார்கள் என்பதே என் கருத்து. மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

7 ஜனவரி 2024, இரவு (என் பதில்; இனி வரும் குறிப்புகளும் என்னுடையவை)

நீங்கள் தந்த இரண்டு எண்களும் சரியானவை. அவற்றிலிருந்து நீங்கள் எடுத்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மக்கள் ஒதுக்கினார்கள் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அந்தத் தட்டு உரிய நேரத்தில் அவர்கள் கைக்கு எட்டியிருக்க வேண்டும். அந்த ஆல்பத்தின் மூன்றாவது பாடலான ‘சன் ஆஃப் எ பிரீச்சர் மேன்’ 1968 நவம்பரில் தனிப்பாடல் தட்டாக வெளிவந்து, பிரிட்டனில் 9-ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 10-ஆம் இடத்தையும் தொட்டது. மெம்பிஸ் நகரத்தில் அந்த அறையில் நின்று டஸ்டி பாடிய அதே குரல்தான் ஆல்பம் முழுவதும் ஒலிக்கிறது, வாத்தியக்காரர்களும் அவர்களேதாம். ஒரு பாடலைப் பத்துக்குள் கொண்டுபோன மக்கள், அதே பாடல் அடங்கிய ஆல்பத்தை விட்டுவிட்டார்கள் என்றால், காரணத்தைப் பாட்டுக்கு வெளியேதான் தேட வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் நடந்ததைக் கவனியுங்கள். டஸ்டிக்கு அப்போது இரண்டு கம்பெனிகள் இருந்தன. பிரிட்டனில் பிலிப்ஸ், அமெரிக்காவில், 1968-இல் செய்துகொண்ட புதிய ஒப்பந்தத்தின்படி, அட்லாண்டிக். பாடல் கடைக்கு வந்த அதே 1968 நவம்பரில் பிலிப்ஸ் நிறுவனம் ‘டஸ்டி டெஃபினிட்லி’ என்ற வேறோர் ஆல்பத்தை வெளியிட்டது. அதில் ‘பிரீச்சர் மேன்’ கிடையாது. ஆக, வானொலியில் அந்தப் பாட்டைக் கேட்டு மயங்கி, கடைக்குப் போய் “டஸ்டியின் புதுத் தட்டு கொடுங்கள்” என்று கேட்டவருக்கு, அவர் எந்தப் பாட்டுக்காக வந்தாரோ அந்தப் பாட்டு இல்லாத தட்டுதான் கிடைத்திருக்கும். அந்தப் பாட்டு இருந்த ஆல்பமோ 1969 ஏப்ரலில்தான் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தது. சூடு ஆறிப்போன பிறகு இலை போட்டார்கள்.

8 ஜனவரி 2024

ஒன்றைச் சேர்க்க மறந்தேன். அக்காலத்துப் பிரிட்டன் ஆல்பப் பட்டியல் நாற்பது இடங்களுக்கு மேல் நீளாது. அமெரிக்கப் பட்டியலிலோ இருநூறு இடங்கள். ஆகவே ‘பட்டியலுக்குள்ளேயே வரவில்லை’ என்பதையும் ‘99-ஆம் இடம்’ என்பதையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க முடியாது. அமெரிக்காவில் எட்டிய அதே 99 பிரிட்டனில் கிடைத்திருந்தாலும், அங்கே அது பட்டியலுக்கு வெளியேதான் நின்றிருக்கும்.

10 ஜனவரி 2024

முதல் குறிப்பில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். நண்பர் ஒருவர் தனியாக எழுதிச் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது சரி. ‘மெம்பிஸ் நகரத்தில் அந்த அறையில் நின்று பாடிய குரல்’ என்று எழுதியிருந்தேன். நாம் கேட்கும் குரல் மெம்பிஸில் பதிவானது அன்று. வாத்தியங்களின் அடித்தளப் பதிவு 1968 செப்டம்பரில் மெம்பிஸ் நகரத்தின் அமெரிக்கன் சவுண்ட் ஸ்டுடியோவில் நடந்தது. டஸ்டியின் குரல் இறுதியில் நியூயார்க்கில்தான் பதிவானது. ஆல்பத்தின் பெயரில் மெம்பிஸ் இருப்பதால் பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள்; நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணிக் கேட்டுவந்தேன்.

இந்தத் தவறைத் திருத்தப் போனபோதுதான் ஆல்பத்தின் விற்பனைக் கதைக்கு முன்னால் பதிவுக் கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

அட்லாண்டிக்கின் ஜெரி வெக்ஸ்லர் சாதாரண ஆள் இல்லை. கறுப்பினத்தவரின் இசைக்கு ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற பெயரையே 1949-இல் பில்போர்ட் என்ற இசை இதழில் வேலை பார்த்தபோது புழக்கத்தில் விட்டவர் அவர்தான். 1967-இல் கறுப்பினப் பாடகி அரிதா ஃபிராங்க்ளினின் குரலுக்கு ஏற்ற தாளக்குழுவைப் பிடித்துக் கொடுத்து, அவரை உச்சத்துக்குக் கொண்டுசென்ற தயாரிப்பாளரும் அவரே. டஸ்டிக்காக அவர் எண்பது பாடல்கள் வரை திரட்டி வைத்திருந்தாராம். டஸ்டி ஒன்றையும் ஏற்கவில்லை. சில மாதங்கள் கழித்து அதே குவியலிலிருந்து இருபதை எடுத்துப் போட்டுக் காட்டியபோது பிடித்திருக்கிறது என்றாராம். இது வெக்ஸ்லர் பின்னாளில் சொன்ன கதை. தயாரிப்பாளர்கள் சொல்லும் கதைகளில் பாடகி எப்போதும் பிடிவாதக்காரியாகவே தெரிவாள் என்பதால், இதை நான் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

வெக்ஸ்லரோடு டாம் டவுடும் ஆரிஃப் மார்டினும் தயாரிப்பில் இருந்தார்கள். மெம்பிஸில் சிப்ஸ் மோமன் நடத்திய அந்த ஸ்டுடியோவுக்கென்று ஒரு வாத்தியக்குழு இருந்தது: கிதார் ரெஜி யங், பேஸ் டாமி காக்பில், டிரம்ஸ் ஜீன் கிறிஸ்மன், ஆர்கன் பாபி எம்மன்ஸ், பியானோ பாபி வுட். இவர்கள் நோட்டுத்தாளைப் பார்த்து வாசிக்கிறவர்கள் இல்லை. பாட்டைக் கேட்டு, அந்த இடத்திலேயே பேசிக்கொண்டு, ஆளுக்கொரு பிடியைப் பிடித்து வாசிக்கிறவர்கள். டஸ்டி வந்ததோ வேறு வழியில். லண்டனில் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் கூடி, எல்லாம் எழுதி முடித்து, தந்தி வாத்தியங்கள் எழும்பிய பிறகு அதன்மேல் ஏறிப் பாடிப் பழகியவர். வெறும் தாளக்குழுவின் முன்னால் நின்று, பாட்டு இன்னும் முழு உருவம் பெறாத நிலையில் வாயைத் திறக்க அவரால் முடியவில்லை. அதற்கு மேல், தான் தெய்வமாக மதித்த, கறுப்பினத்தவரின் ‘சோல்’ இசைப் பாடகர்கள் நின்று பாடிய இடத்தில் தானும் நிற்கிறோம் என்ற அச்சம். அதை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

11 ஜனவரி 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், ‘இவ்வளவு பெரிய பாடகிக்கு ஸ்டுடியோவில் என்ன பயம், நம்பும்படியாக இல்லையே’ என்று கேட்டிருக்கிறார். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

1990-களில் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று வாரத்துக்கு இரண்டு மேடை. பின்னால் கீபோர்டு, கிதார், டிரம்ஸ், தபேலா, டோலக் எல்லாம் முழங்கும். அந்த ஒலி முதுகைத் தாங்கிக்கொள்ளும். பிறகு ஒருவர் மூலமாகக் கோடம்பாக்கத்தில் டிராக் பாடும் வாய்ப்பு வந்தது. டிராக் என்றால் பெரிய பாடகர் வருவதற்கு முன் பாட்டின் வடிவம் தெரிவதற்காகப் பாடி வைப்பது; பிறகு அவர் வந்து பாடியதும் நம் குரலை அழித்துவிடுவார்கள். முதல் நாள் கண்ணாடி அறைக்குள் நின்றேன். ஹெட்போனில் தாளத்துக்கான டிக் டிக் ஓசையும் ஒரே ஒரு கீபோர்டும் மட்டும் கேட்டன. என் மூச்சு எனக்கே கேட்டது. வாயில் ஊறும் எச்சிலை விழுங்கும் ஓசைகூடக் கேட்டது. மேடையில் ஆயிரம் பேர் முன்னால் கூசாத குரல் அங்கே முதல் வரியிலேயே சுருதி விலகியது. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவர்கள் உதடு அசைவது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஹெட்போனில் வாத்திய ஒலியைக் கூட்டச் சொல்லி, என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு வைத்துக்கொண்ட பிறகுதான் பாட முடிந்தது.

டஸ்டியும் அப்படித்தான் செய்தார் என்று பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். காது வலிக்கும் அளவுக்கு ஹெட்போன் ஒலியை ஏற்றச் சொல்லி, தன் குரல் தனக்குக் கேட்காதபடி வைத்துக்கொண்டு, ஒரு வரியை, சில சமயம் ஒரு சொல்லை மட்டும், திரும்பத் திரும்பப் பாடி எடுத்திருக்கிறார். அப்படித் துண்டு துண்டாக எடுத்த குரல் என்பதை ஆல்பத்தைக் கேட்டு எவராலும் சொல்ல முடியாது. படுக்கை அறையில் பக்கத்தில் அமர்ந்து பேசுவதுபோல இருக்கிறது.

14 ஜனவரி 2024

‘மெம்பிஸ் இசையை வெள்ளைக்காரப் பாடகர்கள் பாடினால் அன்று விற்றிருக்காது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு நேர் எதிரான சாட்சி அதே கட்டடத்தில் இருக்கிறது. டஸ்டிக்கு வாசித்து முடித்த நான்கு மாதங்களில், 1969 ஜனவரியிலும் பிப்ரவரியிலும், அதே அமெரிக்கன் சவுண்ட் ஸ்டுடியோவில், அதே ரெஜி யங்கும் காக்பில்லும் கிறிஸ்மனும் எல்விஸ் பிரெஸ்லிக்கு வாசித்தார்கள். அந்த ‘ஃப்ரம் எல்விஸ் இன் மெம்பிஸ்’ ஆல்பம் ஜூனில் வந்து, அமெரிக்காவில் 13-ஆம் இடத்துக்கும் பிரிட்டனில் முதலிடத்துக்கும் சென்றது. தலைப்புகூட ஏறத்தாழ ஒன்றுதான்.

வேறுபாடு எங்கே? எல்விஸ் 1968 டிசம்பரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் மூலம் மீண்டும் எல்லார் வீட்டுக் கூடத்துக்கும் வந்திருந்தார். அவருடைய ‘இன் த கெட்டோ’ அமெரிக்கத் தனிப்பாடல் பட்டியலில் 3-ஆம் இடம் வரை ஏறிய அதே ஜூன் மாதத்தில் ஆல்பம் கடைக்கு வந்தது. பாட்டைக் கேட்டவர் ஆல்பத்தைக் கையில் எடுத்தார். டஸ்டிக்கு நடந்ததை ஏழாம் தேதிக் குறிப்பில் எழுதிவிட்டேன்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். டஸ்டி கறுப்பினத்தவர் பாட்டை எடுத்துக்கொண்டு ஓடியவர் இல்லை. 1964-இல் தென்னாப்பிரிக்காவில் நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைத்த கூட்டத்துக்குப் பாட மறுத்ததால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். 1965-இல் மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் கறுப்பினப் பாடகர்களைப் பிரிட்டன் தொலைக்காட்சியில் தாமே முன்னின்று அறிமுகப்படுத்தியவர். அவர் பதிவுக்கு மெம்பிஸ் போனபோதோ, கறுப்பினத்தவர் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் அந்த நகரத்தில் சுட்டுக்கொல்லப்பட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன.

19 ஜனவரி 2024

இந்த விவாத இழையைத் தொடங்கிய வாசகருக்கு நான் கொஞ்சம் இறங்கி வர வேண்டியிருக்கிறது. இந்த வாரம் டஸ்டியின் எல்லா ஆல்பங்களின் பிரிட்டன் இடங்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1964-இல் முதல் ஆல்பம் 6. 1965-இல் இரண்டாவது, அதுவும் 6. 1966-இல் வந்த ஹிட் பாடல்களின் தொகுப்பு 2. அதன் பிறகு 1967-இல் ‘வேர் ஆம் ஐ கோயிங்’ 40. 1968-இல் ‘டெஃபினிட்லி’ 30. பிறகுதான் மெம்பிஸ்.

ஆக, சரிவு மெம்பிஸில் தொடங்கவில்லை. இரண்டு ஆண்டுகளாகவே ஆல்பம் வாங்கும் கூட்டம் டஸ்டியை விட்டு விலகிக்கொண்டிருந்தது. வெளியீட்டுத் தேதி மட்டுமே குற்றவாளி என்று நான் முதல் நாள் எழுதியது ஒரு பாதிதான் உண்மை. 1969-இல் ஆல்பம் வாங்கிய இளைஞர் கூட்டத்தின் காது நீண்ட கிதார் வாசிப்புக்கும் ராக் குழுக்களுக்கும் திரும்பியிருந்தது. இதில் மனத்தை உறுத்தும் ஒரு செய்தி இருக்கிறது. லண்டனில் தமக்குப் பேஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ் புதிதாகச் சேர்ந்திருந்த லெட் செப்பலின் குழுவை அட்லாண்டிக்குக்குப் பரிந்துரைத்தவர்களில் டஸ்டியும் ஒருவர். அட்லாண்டிக் அந்தக் குழுவை ஒப்பந்தம் செய்தது. அவர்களின் முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்து அமெரிக்காவில் 10-ஆம் இடம் வரை போனது. அவர் பரிந்துரைத்தவர்கள் ஏறினார்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

19 ஜனவரி 2024, இரவு

இறங்கி வந்த வேகத்தில் மற்றொன்றையும் பார்த்தேன், அது என் பக்கம் பேசுகிறது. அமெரிக்காவில் டஸ்டியின் முந்தைய ஆல்பமான ‘த லுக் ஆஃப் லவ்’ 1967-இல் எட்டியது 135-ஆம் இடம். அப்படியென்றால் ‘படுதோல்வி’ என்று ஐம்பது ஆண்டுகளாக எல்லாரும் எழுதிவரும் அந்த 99, அங்கே அவருக்கு ஓர் ஏற்றம். இதை இதுவரை நானும் கவனித்ததில்லை.

27 ஜனவரி 2024

ஒரு வாரமாக எண்களைப் பற்றியே பேசுகிறோம். இன்று ஆல்பத்தைத் தொடக்கம் முதல் கேட்டேன். பதினொரு பாடல்கள், அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். கேட்டபோது எனக்கு எழுந்த எண்ணம் என் முந்தைய குறிப்புகளையே கொஞ்சம் அசைக்கிறது.

நான்காவது பாடலை எடுத்துக்கொள்ளுங்கள்: ராண்டி நியூமன் எழுதிய ‘ஐ டோன்ட் வாண்ட் டு ஹியர் இட் எனிமோர்’. ஏழைகள் நெருக்கியடித்து வாழும் குடியிருப்பு. சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டார் பேசுவது இவள் காதில் விழுகிறது; தன் காதலனைப் பற்றித்தான் அவர்கள் பேசுகிறார்கள், அவன் இவளை விட்டுப் போகப்போகிறான் என்று. ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்த எனக்கு இந்தப் பாட்டு எந்த நாட்டுப் பாட்டாகவும் தோன்றவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாலும் அடுத்த போர்ஷனுக்குக் கேட்டுவிடும் என்று அடக்கிக்கொள்ளும் பெண்களை எனக்குத் தெரியும்.

டஸ்டி இதை எப்படிப் பாடுகிறார் என்பதுதான் விஷயம். சுவருக்கு அப்பால் கேட்டுவிடக் கூடாது என்று பாடுகிறார். தொடக்க வரிகளில் குரலில் பாதி வெறும் மூச்சு. வரியின் கடைசிச் சொல்லை முழு நீளத்துக்கு நீட்டாமல் சட்டென்று விட்டுவிடுகிறார். அந்த இடைவெளியில் பியானோ நுழைகிறது. பல்லவியில் தந்தி வாத்தியங்கள் மேலெழும்பி வரும்போது, பழைய டஸ்டியாக இருந்தால் அதன்மேல் ஏறி உச்ச ஸ்தாயியில் நின்றிருப்பார். இங்கே ஏறத் தொடங்கி, நாம் எதிர்பார்க்கும் இடத்துக்கு ஒரு படி கீழேயே அடங்கிவிடுகிறார். அந்த அடக்கத்தில் தொண்டை லேசாகக் கரகரக்கிறது. அந்தக் கரகரப்பைத் துடைத்துவிடாமல் விட்ட டாம் டவுடுக்கு நான் நன்றி சொல்வேன்.

1966-இல் பிரிட்டனில் முதலிடத்தையும் அமெரிக்காவில் 4-ஆம் இடத்தையும் பிடித்த ‘யூ டோன்ட் ஹேவ் டு சே யூ லவ் மீ’ பாடலைக் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். அது வீதியில் நின்று கெஞ்சும் குரல். வானொலிப் பெட்டி எந்த மூலையில் இருந்தாலும் வீடு முழுவதும் நிறையும். மெம்பிஸ் ஆல்பத்துக்கு நாம் பெட்டியின் அருகே போய் உட்கார வேண்டும். பெரிய குரலுக்காக டஸ்டியை விரும்பியவர்கள் இந்தச் சிறிய குரலைத் தேடி வரவில்லை என்றால், அதற்குத் தேதியை மட்டும் குறை சொல்ல முடியாது. நான் இந்த ஆல்பத்தில் எதை நேசிக்கிறேனோ அதுவே அன்று அதன் விற்பனையைத் தடுத்திருக்கக்கூடும். இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

28 ஜனவரி 2024

‘அப்படியானால் பிரீச்சர் மேன் மட்டும் ஏன் ஓடியது’ என்ற கேள்வி நியாயமானது. ஏனென்றால் அது ஆல்பத்தின் மற்றப் பாடல்களைப் போன்றது இல்லை. ரெஜி யங்கின் கிதார் தொடக்கத்திலேயே ஒரு சிறு பிடியைப் பிடித்து நம்மை இழுத்துக்கொள்கிறது, பேஸ் நடக்கிறது, பல்லவியில் ஊதுகருவிகள் குத்துகின்றன, பின்னணி பாடும் ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் குழுவினர் மறுமொழி தருகிறார்கள். கால் தானாகத் தட்டும். அதை நம்பி ஆல்பம் வாங்கியவருக்கு உள்ளே கிடைத்தவை பெரும்பாலும் காலையில் படுக்கையை விட்டு எழ மனமில்லாதவளின் பாடல்கள், கைவிடப்பட்டவளின் பாடல்கள்.

அதன் பிறகு வந்த தனிப்பாடல்களின் இடங்கள் இதைத்தான் காட்டுகின்றன. ‘டோன்ட் ஃபர்கெட் அபவுட் மீ’ அமெரிக்காவில் 64. ‘த விண்ட்மில்ஸ் ஆஃப் யுவர் மைண்ட்’ ஒரு திரைப்படப் பாடல்; 1969 ஏப்ரலில் ஆஸ்கர் வாங்கியது. அந்தக் காற்று வீசியும் டஸ்டி பாடிய வடிவம் 31-ஐத் தாண்டவில்லை. தனிப்பட்ட முறையில், ஆல்பத்தில் எனக்கு ஒட்டாத ஒரே பாடலும் அதுதான். அழகான மெட்டு, ஆனால் மற்றப் பத்தும் ஒரே வீட்டில் நடக்க, இது மட்டும் வேறெங்கோ நடக்கிறது.

‘பிரீச்சர் மேன்’ முதலில் அரிதா ஃபிராங்க்ளினுக்காக எழுதப்பட்டு அவர் வேண்டாம் என்றது. 1970-இல் அவரே அதைப் பாடி வெளியிட்டார். அரிதா சொற்களைப் பிரித்த விதம்தான் சரி, தாம் அப்படிப் பாடியிருக்க வேண்டும் என்று டஸ்டி பின்னர் சொல்லியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். அரிதா தேவாலயத்துக்குள் நின்று பாடுகிறார்; அந்தப் போதகரின் மகனை ஊரறியச் சொல்கிறார். டஸ்டி அவனோடு கொல்லைப்புறத்துக்குப் போனவள். கதைப்படி டஸ்டியின் இடம்தான் பொருத்தம். அவர் தம்மைத் தாமே இப்படிக் குறைத்துக்கொண்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

4 பிப்ரவரி 2024

மெம்பிஸுக்குப் பிறகு டஸ்டி என்ன செய்தார் என்று கேட்டவருக்கு: அடுத்த ஆல்பம் ஃபிலடெல்ஃபியாவில், கென்னி கேம்பிளும் லியோன் ஹஃபும் தயாரித்தது. 1970-இல் அமெரிக்காவில் ‘எ பிராண்ட் நியூ மீ’ என்ற பெயரிலும், பிரிட்டனில் ‘ஃப்ரம் டஸ்டி வித் லவ்’ என்ற பெயரிலும் வந்தது. அமெரிக்காவில் 107, பிரிட்டனில் 35. அமெரிக்காவில் முன்பின்னாக அதே உயரம்தான். ‘பிரீச்சர் மேன்’ பாடலுக்குப் பிறகு டஸ்டி மறுபடி பத்துக்குள் வந்தது 1987-இல், பெட் ஷாப் பாய்ஸ் குழுவோடு பாடியபோதுதான். இரண்டு நாடுகளிலும் 2-ஆம் இடம். இடையில் பதினெட்டு ஆண்டுகள்.

2 மார்ச் 2024

இன்று அவர் மறைந்த நாள். 1999 மார்ச் 2. இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்க்கப்பட்ட விழா, அவர் இறந்து இரண்டு வாரங்கள் கழித்து நடந்தது.

இழையைத் தொடங்கியவர் நேற்று மீண்டும் வந்து, ‘விமர்சகர்கள் தூக்கி நிறுத்தினார்கள் என்ற என் வாதத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறார். உண்மைதான், சொல்லவில்லை. விமர்சகர்களுக்குப் பங்கு உண்டு. ரோலிங் ஸ்டோன் இதழில் கிரீல் மார்க்கஸ் 1969-லேயே பாராட்டி எழுதினார். அதே இதழின் தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் இது 2003-இல் 89-ஆவதாகவும் 2020-இல் 83-ஆவதாகவும் இருந்தது. 2001-இல் கிராமி ஹால் ஆஃப் ஃபேம். 2020-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேடு. இவை எல்லாம் பெரியவர்கள் கூடி அணிவித்த மாலைகள்.

ஆனால் எனக்கு இந்த ஆல்பத்தை எந்த விமர்சகரும் கொடுக்கவில்லை. 1994-இல் வந்த ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தின் பாடல் கேசட் எங்கள் குழுவில் கிதார் வாசித்தவரிடம் இருந்தது. ஒருநாள் நிகழ்ச்சி முடிந்து, வேனில் அறந்தாங்கியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு இரண்டு மணி இருக்கும். எல்லாரும் தூங்கிவிட்டார்கள், ஓட்டுநர் தூங்காமல் இருப்பதற்காக அந்தக் கேசட்டைப் போட்டார். ‘பிரீச்சர் மேன்’ வந்தது. யார் பாடுகிறார்கள் என்று கிதார்காரரை எழுப்பிக் கேட்டேன். கறுப்பினப் பாடகி யாரோ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அட்டையில் பெயரைப் படித்து, ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். அந்தப் பெயரைக் கொண்டு ஆல்பத்தைத் தேடிப் பிடிக்க எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அப்படித் தேடியவர்கள் உலகம் முழுவதும் இருந்திருப்பார்கள். அவர்களும் காசு கொடுத்து வாங்கிய மக்கள்தாம், கொஞ்சம் தாமதமாக வந்த மக்கள்.

விற்காத தட்டு என்றால் என்ன என்பதும் எனக்குத் தெரியும். 1998-இல் நாங்கள் ஐந்து பேர் பணம் போட்டு அம்மன் பாடல் கேசட் ஒன்று வெளியிட்டோம். விநியோகத்துக்கு ஒப்புக்கொண்டவர் ஆடி மாதத்துக்குக் கடைகளில் போடுவதாகச் சொல்லிவிட்டு, ஐப்பசியில் போட்டார். ஐந்நூறில் நானூற்றுச் சொச்சம் திரும்பி வந்தன. பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தோம். அப்போது என்னிடம் யாராவது வந்து ‘மக்கள் ஒதுக்கிவிட்டார்கள்’ என்று சொல்லியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் கேசட் ஒன்றும் மெம்பிஸ் இல்லை. இரண்டு பாடல்கள் சுமார்தான். ஆனால் அந்த ஆடியில் அது கடையில் இல்லை என்பதும் உண்மை.

2 மார்ச் 2024, பின்னிரவு

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று இழையைத் தொடங்கியவரே கேட்டிருக்கிறார். ‘பிரீச்சர் மேன்’ உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுங்கள். கடைசிக்கு முந்தைய பாடலான ‘நோ ஈஸி வே டவுன்’, கெரி கோஃபினும் கெரோல் கிங்கும் எழுதியது. ஹெட்போன் வேண்டும், வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு போடுங்கள். முதல் வரிக்கு முன்னால் அவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் கேட்கிறது.